எட்டு வீட்டுக்கும் ஒரே காலை

"எல்லாம் நல்லாத்தான் இருக்குக்கா. ஆனா ஆரம்பம் எங்க இருக்கு?"

கோலாலம்பூரிலிருந்து தனேஸ் போனில் இப்படிக் கேட்டபோது பார்பரா தோட்டத்துத் தேநீர்க் கடையின் பின்கட்டில் நின்றிருந்தாள். முன்பக்கம் ஒரு பஸ் கூட்டம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு தேயிலைச் சரிவைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. கழுவ வேண்டிய கோப்பைகள் தொட்டியில் குவிந்து கிடந்தன.

தனேஸ் ஒரு சின்னப் பதிப்பகம் நடத்துகிறவர். படித்துத் தேர்ந்தெடுப்பது, பிழை திருத்துவது, புத்தகக் கட்டைத் தூக்கிக் காரில் ஏற்றுவது எல்லாம் அவரே. பார்பராவின் நாவலை இரண்டு பதிப்பகங்கள் பதில்கூடப் போடாமல் விட்டிருந்தன. படித்துவிட்டுக் கூப்பிட்டுப் பேசியவர் இவர் ஒருவர்தான். அதனால்தான் அந்தக் கேள்வி அவளுக்கு அப்படிச் சுட்டது.

"முதல் பக்கத்துல இருக்கு தம்பி," என்றாள்.

"அங்கயும் இருக்கு, நடுவுலயும் இருக்கு, கடைசியிலயும் இருக்கு. லயத்துல ஒருநாள் காலைல குழாய்ல தண்ணி வரல. சரி. அதே காலைய எட்டு வீட்டுக்கு எட்டு தடவ விடிய வைக்கிறீங்க. ஒருத்தி பக்கெட்டத் தூக்கிக்கிட்டு நடக்கும்போதே அவ கல்யாணம், அவ புள்ள செத்தது, நேத்து வெச்ச கொழம்பு எல்லாம் ஒண்ணா வருது. எந்த வருசம்னு கெடையாது. கதாநாயகி யாருன்னு தெரியல. பக்கம் பக்கமா போவுது, முற்றுப்புள்ளியக் காணோம். காசு குடுத்து வாங்குற சனத்துக்கு மூச்சு முட்டும் லா!"

"எனக்கு முட்டலியே."

"நீங்க எழுதுனவங்கக்கா. நேரா ஆக்கிக் குடுங்க. தேதி போடுங்க. யாராவது ஒரு பொம்பளையப் புடிச்சு அவ கதையா கொண்டு போங்க. ஸ்கூல் லீவுக்குக் குடும்பத்தோட மலைக்கு மேல வர்றேன், அப்ப வாங்கிக்கிறேன். அப்படியே போடணும்னா என்னால முடியாது. கோவிச்சுக்காதீங்க."

கோபிக்க முடியவில்லை. ஐம்பத்தொரு வயதில் முதல் நாவல். இவரும் கைவிட்டால் போய்க் கதவு தட்ட வேறு இடம் கிடையாது.

பார்பரா பிறந்து வளர்ந்தது இந்தத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், லயத்தில்தான். அம்மா கொழுந்து எடுத்தாள்; அப்பா பேக்டரியில் இலை அரைக்கும் மெசினில் நின்றார். அந்தக் காலத்து லயத்தில் வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. மேலே எட்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரே இருட்டு. பாயில் படுத்தால் எட்டு வீட்டுப் பேச்சும் அந்த வழியாக ஏறி வந்து இறங்கும். ஒரு வீட்டில் ஜெபம், அடுத்த வீட்டில் கந்தர் சஷ்டி கவசம், அதற்கப்பால் புருசன் பெண்டாட்டி சண்டை, கோடி வீட்டில் யாரோ யாருக்கோ செய்யும் சத்தியம். எது முதலில் சொன்னது, எது பதில் என்று பிரிக்க முடியாது. பிரிக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதும் கிடையாது. ஜெபம் செய்கிறவளுக்குப் பக்கத்து வீட்டுச் சண்டை கேட்கிறது, சண்டை போடுகிறவனுக்கு ஜெபம் கேட்கிறது. அதுதான் அவளுக்குத் தெரிந்த உலகம்.

பள்ளியில் படிவம் ஐந்து முடித்து ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் சில வருசம் வேலை பார்த்தாள். காய்கறி லோரி ஓட்டும் லூயிசைக் கட்டிக்கொண்டு மறுபடி மலைமேல் இதே லயத்துக்கே வந்து சேர்ந்தாள். மாதா கோயில் அலமாரியில் கிடந்த தமிழ் நாவல்களையெல்லாம் வாசித்தாள். பலதும் பிடித்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் ஆட்கள் ஒருத்தர் பேசி முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார்கள். "இவ்வளவு மரியாதைப்பட்ட சனம் எந்த ஊர்ல இருக்கு?" என்று லூயிசிடம் கேட்டாள். லூயிஸ், "எங்க லோரி ஸ்டாண்டுல இல்ல," என்றான்.

அதற்குப் பிறகுதான் கைபேசியில் எழுத ஆரம்பித்தாள். பஸ் போய் அடுத்த பஸ் வருவதற்குள், கவுண்டருக்குப் பின்னால் நின்றபடி, கட்டை விரலால். சமையல் எழுதுகிறாள் என்று கடையில் நினைத்துக்கொண்டார்கள். அவளும் திருத்தவில்லை.

தனேஸ் சொன்னபடி நேராக்க உட்கார்ந்தாள். தேதி போட்டாள். எட்டு வீட்டில் ஒருத்தியான சவரியம்மாவைக் கதாநாயகி ஆக்கினாள். மற்ற ஏழு வீட்டுக்காரர்களும் வாசலில் வந்து நின்று சேதி சொல்லிவிட்டுப் போனார்கள். நீள வாக்கியங்களை வெட்டினாள். எல்லாம் சரியாக இருந்தது. வாசித்தால் யாரும் மூச்சு விடுகிற மாதிரி தெரியவில்லை.

"எப்படி இருக்கு?" என்று லூயிசுக்கு இரண்டையும் வாசித்துக் காட்டினாள்.

"ரெண்டாவது நல்லா புரியுது."

"மொதல்ல வாசிச்சது?"

அவன் யோசித்தான். "அதுல எங்கம்மா இருந்தாங்க. ரெண்டாவதுல இல்ல."

"உங்கம்மாவ நான் எதுலயும் எழுதலைங்க."

"தெரியும் லா. இருந்தாங்கன்னு சொல்றேன்."

இருந்தாலும் முடிவு செய்துவிட்டாள். புத்தகம் வெளியே வரட்டும். நேரானதையே தனேசிடம் கொடுத்துவிடலாம். பிரிஞ்சாங் டவுனில் அச்செடுத்து வைத்திருந்த பழைய பிரதியைப் பக்கத்து வீட்டு இராசம்மாவிடம் நீட்டினாள். இராசம்மா கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். கையில் அகப்பட்ட எழுத்தை எல்லாம் வாசிப்பாள், மருந்துச் சீட்டு உட்பட.

"இது வேணான்னு வெச்சதுக்கா. படிச்சுட்டுத் தூக்கிப் போட்டுருங்க."

அங்கேதான் தப்பு நடந்தது. அந்த லயத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் எத்தனையோ வருசமாக ஒன்றுதான் வாங்குவது. ஒன்றை வாங்கித் தாள் தாளாகப் பிரித்து வீட்டுக்கு ஒன்று போகும். சாவுச் செய்தி ஒரு வீட்டில், சினிமா ஒரு வீட்டில், தலைப்புச் செய்தி ஒரு வீட்டில். வாசித்தவர் அடுத்த வீட்டுக் கதவிடுக்கில் சொருகிவிட்டு, தன் கதவிடுக்கில் வந்ததை எடுத்துக்கொள்வார். சாயங்காலத்துக்குள் எல்லாரும் எல்லாவற்றையும் வாசித்திருப்பார்கள். ஒருத்தரும் ஒரே வரிசையில் வாசித்திருக்க மாட்டார்கள். முழுசாக ஒன்றை ஒரு வீட்டிலேயே வைத்துக்கொண்டு வாசிப்பது இராசம்மாவின் கணக்கில் பெரிய பேராசை. எட்டுப் பகுதியைப் பார்த்தாள், எட்டு வீட்டை நினைத்தாள், பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

வேலை முடிந்து வந்த பார்பரா, ராமையா மாமா படியில் குந்திக்கொண்டு தன் நாவலின் கடைசிப் பகுதியை மூக்குக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்து வாசிப்பதைப் பார்த்தாள். ராமையா பழைய கங்காணி. வேலை போய் வெகுநாளாகியும் அதட்டல் போகவில்லை.

"மாமா, இது உங்க கையில எப்படி வந்துச்சு?"

"எனக்கு இதான் மொதல்ல வந்துச்சு. சும்மா இரு, அந்தச் சவரியம்மா இப்பத்தான் வாய் தொறக்கிறா."

பார்பரா நேராக இராசம்மா வீட்டுக்குப் போனாள். "அக்கா, அது பேப்பரா? நாவல்க்கா! முன்னாடி பின்னாடி இருக்கு!"

"எங்க இருக்கு? நம்பரு போடலியே நீ."

"நான் போடாட்டியும் வரிசைன்னு ஒண்ணு..."

சொல்ல வந்தவள் நின்றுவிட்டாள். வெளியே ராமையா கத்திக்கொண்டிருந்தார்.

"தண்ணிக் குழாய் வால்வ மூடுனது சவரியம்மாதான்! மவ டவுனுக்கு ஓடப் பாக்குறா, தண்ணி இல்லன்னா குளிக்காம கெளம்ப மாட்டான்னு இவ மூடிட்டா. பொம்பளப் புத்தி!"

"கண்டுட்டீங்க," என்று மூன்றாம் வீட்டிலிருந்து அம்சவல்லி வந்தாள். ரிங்லெட் ஊரில் பூத்தோட்டத்தில் வேலை செய்கிறவள். கையில் இன்னும் கையுறை இருந்தது. "மருதாயி வீட்டப் படிச்சீங்களா மொதல்ல? அவ விடியறதுக்கு முன்ன வால்வு இருக்குற மேட்டுக்கு ஏறிப் போறா. எதுக்குப் போறா?"

"அது எனக்கு இன்னும் வரல."

"வராமயே தீர்ப்பா? இதே மாதிரிதான் எங்கம்மாவுக்கு அரநாள் பேரு வெட்டிச் சம்பளத்துல கைவெச்சீங்க!"

"ஏய், அது வேற கத!"

"எல்லாம் ஒரே கததான்!"

இராசம்மா படியிறங்கிப் போய் இருவருக்கும் நடுவில் நின்றாள். "ரெண்டு பேரும் வாய மூடுங்க. யாரும் மூடல. ஒவ்வொருத்தியும் தன்னாலதான் தண்ணி நின்னுச்சுன்னு மனசுக்குள்ள நடுங்கிக்கிட்டு இருக்கா. அதான் கத. ஒருத்தி நடுங்குறது இன்னொருத்திக்குத் தெரியல. நமக்குத்தான் தெரியுது."

பார்பரா வாசலுக்கு வந்தாள். நாலு வருசம் எழுதியும் அதை அவள் இப்படி ஒரு வரியில் தனக்கே சொல்லிக்கொண்டதில்லை. எந்த வருசம் என்று யாரும் கேட்கவில்லை. கதாநாயகி யார் என்று கேட்கவில்லை. ஆளுக்கொரு திசையிலிருந்து உள்ளே நுழைந்து, எல்லாரும் ஒரே முற்றத்தில் வந்து நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றைக்கு அவள் சோறு ஆக்கவில்லை. லூயிஸ் முட்டை பொரித்துக் கொடுத்தான்.

சனிக்கிழமை தனேஸ் வந்தார். மனைவியையும் பிள்ளைகளையும் ஸ்ட்ராபெரி தோட்டத்தில் இறக்கிவிட்டு, பிரிஞ்சாங் சாலை நெரிசலில் மாட்டி, வேர்த்துப்போய் லயத்துக்கு வந்து சேர்ந்தார். உட்கார்ந்ததும் கையை நீட்டினார்.

"குடுங்கக்கா, நேராக்குனத."

"நேராக்குனேன் தம்பி. அழிச்சிட்டேன்."

"என்னாது?"

"செத்துப் போச்சு. செத்தத அச்சுப் போட்டு என்ன செய்ய?" பார்பரா கசங்கிய தாள்கட்டை எடுத்து அவர் மடியில் வைத்தாள். எட்டு வீடும் சுற்றித் திரும்பியது. ஒன்றில் டீக் கறை, ஒன்றில் மஞ்சள். "இது எப்படித் திரும்பி வந்துச்சோ அப்படியே கட்டியிருக்கேன். போன தடவ பென்சிலும் கையுமா வாசிச்சீங்க. இந்தத் தடவ சும்மா வாசிங்க. பிடிக்கலன்னா நீங்க போடவேணாம். எனக்கு வருத்தம் இருக்கும், ஆனா மாத்த மாட்டேன்."

 

தனேஸ் கட்டைப் புரட்டினார். வாசலில் நின்று உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ராமையாவிடம் கேட்டார்: "ஐயா, நீங்களும் படிச்சீங்களா? புரிஞ்சிச்சா?"

"ஏன் புரியாது? தண்ணி நின்ன அன்னிக்கி நானும் இருந்தேனே."

"ஐயா, இது கற்பனை."

"இருக்கட்டுமே. நான் இருந்தேன்."

தனேஸ் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கட்டை எடுத்துக்கொண்டு ஹோட்டலுக்குப் போனார். மறுநாள் மதியம், தேநீர்க் கடை கூட்டத்தில் வரிசையில் நின்று, கவுண்டருக்கு வந்தார்.

"டீ ஒண்ணு. அப்புறம் அக்கா, பொண்டாட்டி எங்கிட்ட பேசல. நேத்திலேர்ந்து நான் ரூமை விட்டு வெளிய வரலன்னு."

"முடிச்சிட்டீங்களா?"

"ரெண்டு தடவ. மொத தடவ எனக்கு மருதாயிதான் மூடுனான்னு தோணுச்சு. ரெண்டாவது தடவ கலைச்சுப் போட்டு வாசிச்சேன், அப்ப சவரியம்மா." கோப்பையைக் கையில் வாங்கினார். "போடுறேன். இப்படியே போடுறேன். ஆனா கடைசியில தோட்டத்துச் சொல்லுக்கு அர்த்தம் ஒரு ரெண்டு பக்கம் சேக்கணும்."

"வேணாம்."

"அக்கா!"

"பின்னால நிக்கிறவங்களுக்கு டீ வேணும் தம்பி. அட்டைப்படம் உங்க இஷ்டம். உள்ள கை வைக்காதீங்க."

தனேஸ் அட்டைப்படத்தோடு திருப்திப்பட்டுக்கொண்டார்.

அடுத்த ஆண்டு ரிங்லெட் மண்டபத்தில் 'தண்ணி வராத காலை' வெளியீடு கண்டது. குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, நேரங்கழித்து வந்த பிரமுகர் எல்லாம் முறைப்படி இருந்தன. கோலாலம்பூரிலிருந்து ஒரு பேராசிரியை வந்து, தமிழில் இதைப் போல ஒரு வடிவத்தைத் தான் இங்கே எதிர்பார்க்கவில்லை என்றார். வாசகர் வட்டத்துக்காரர்கள் முன்பே வாங்கி வாசித்துவிட்டு ஈப்போவிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் வேன் பிடித்து வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒருத்தர் எழுந்து, "எழுத்தாளர் சொல்லட்டும், வால்வை மூடியது யார்?" என்று கேட்டார். பின்னால் இருந்து ஒரு பெண், "அது முக்கியமே இல்லைங்க," என்றாள். "எப்படி முக்கியமில்ல?" என்று மூன்றாவது குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் மண்டபமே இரண்டுபட்டது. பிரமுகர் மைக்கைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

ஏற்புரைக்கு எழுந்த பார்பரா கையில் எழுதி வைத்திருந்த தாளை மடித்தாள். எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. அவள் மைக்கிலிருந்து ஓரடி தள்ளி, கைகளைக் கட்டிக்கொண்டு, நிறைந்த முகத்தோடு கேட்டுக்கொண்டு நின்றாள்.

"பேசுங்க லா," என்று தனேஸ் கீழேயிருந்து சைகை காட்டினார்.

"இருங்க தம்பி," என்றாள். "நல்லாப் போய்க்கிட்டிருக்கு."