அப்பாவைக் கொன்றது உப்புக்காற்று அல்ல

எங்கள் அப்பா எங்களை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர் சிலருக்கு இது கசக்கும். கசக்கட்டும்.

அப்பா திருச்சுழிப் பக்கம் மானாவாரி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்கள். மழை பொய்த்த ஒரு வருடம், பிழைப்புக்காகச் சாயல்குடிக்குத் தெற்கே கடலோரத்தில் மளிகைக் கடை வைத்தார்கள். வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர்கள் அரிசியோடு பீடிக்கட்டும் வாங்குவார்கள். "பீடி இல்லாம கடக்குளிரு தாங்காது" என்பது அங்கே வேதவாக்கு. கடலுக்கே போகாத அப்பாவும் அவர்களோடு நின்று பற்றவைத்தார்கள். யாரையும் கடிந்து பேசாத மனிதர். பீடியைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் எங்களிடம் முகங்கொடுக்க மாட்டார்கள்.

இருமல் வந்தது. "அண்ணாச்சி கரிசக்காட்டு ஆளு, உப்புக்காத்து ஒத்துக்கல" என்றார்கள் கடற்கரைக்காரர்கள். அருப்புக்கோட்டையிலிருந்து சித்தப்பா, "இங்கிட்டு வந்துருங்கண்ணே, நம்ம வெயிலுக்கு நெஞ்சுச்சளி காஞ்சு போகும்" என்றார். அப்பா என்ன கருவாடா, வெயிலில் காயவைக்க? கடையை அடைத்துவிட்டு ஊர் வந்தோம். பீடியும் கூடவே வந்தது. இருமல் கூடியபோது ஊர்க்காரர்கள் புழுதிக்காற்று என்றார்கள்.

மதுரை மருத்துவர் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துவிட்டு, "எத்தனை வருஷமா பீடி குடிக்கிறாரு?" என்றுதான் கேட்டார். நுரையீரலில் புற்று. காற்றைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

படுத்தால் மூச்சு முட்டும் என்று, அப்பா தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்தே தூங்கினார்கள். பார்க்க வந்தவர்களோ பழப்பைக்கு அடியில் பீடிக்கட்டை மறைத்துக் கொண்டுவந்தார்கள். ஒருநாள் அப்பா அதைத் தள்ளிவிட்டு, "கடக்கரையில எல்லாரும் இப்படித்தான் இருமுறாக. காத்து மேல பழி போட வேணாம்னு அவுககிட்டச் சொல்லிரு தாயி" என்றார்கள். சொல்கிறேன். இந்த மலர் அங்கேயும் போகிறது.

பதினாறாம் நாள் படையலில், பாயசத்துக்குப் பக்கத்தில் பீடிக்கட்டும் தீப்பெட்டியும் வைத்தார் சித்தப்பா. நான் எடுத்து எறிந்தேன். "அண்ணனுக்குப் பிடிச்சது, ஆத்மா ஏங்கிப் போகும்மா" என்றார். அப்பா மூச்சுக்கு ஏங்கியபோது யாருக்கும் இந்த இரக்கம் வரவில்லை.

கேட்ட நேரமெல்லாம் வண்டி எடுத்த ஆட்டோக்காரத் தம்பிக்கும், கஞ்சி வைத்துத் தந்த பக்கத்து வீட்டு அக்காவுக்கும், முகம் சுளிக்காத செவிலியருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. பீடி கொண்டுவந்தவர்களுக்கு எங்களிடம் நன்றி கிடையாது. வருஷப் படையலிலும் பீடி இருக்காது. இடுப்பில் செருகி வருபவர்கள் வாசலோடு திரும்பிவிடலாம்.

சித்தப்பா, உங்களுக்கும் சேர்த்துத்தான். போன வாரம் போனில் நீங்கள் இருமியதைக் கேட்டேன். அருப்புக்கோட்டையில் கடல் இல்லை.