பார்க்காமல் கீறிய இலை

நான் உயிரியல் படித்தவள் என்பதை நிரூபிப்பதற்கு எனக்கு ஏழு மாதம் எடுத்தது. அப்படியும் கடைசியில் நிரூபிக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் உயர்தரத்தில் உயிரியல் படித்து, பல்கலைக்கழகத்திலும் ஒரு வருடம் தாவரவியல், விலங்கியல் என்று இருந்துவிட்டு, கல்யாணமாகி ஜெர்மனிக்கு வந்தேன். எசன் நகரத்தில் குடியிருந்தோம். இரண்டாயிரத்து ஐந்தோ ஆறோ, மகளுக்கு நாலு வயது. பக்கத்து நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் எனக்கு இடம் கிடைத்தது. சந்தோஷம் இரண்டு நாள் நீடித்தது. மூன்றாம் நாள் நேர அட்டவணை வந்தது.

முதலாம் ஆண்டு அடிப்படை உயிரியலின் செய்முறை வகுப்பு கிழமைக்கு மூன்று நாள், பின்னேரம் மூன்று மணியிலிருந்து ஆறு மணி வரை. மகளின் பாலர் பள்ளி நாலு மணிக்குக் கதவைச் சாத்திவிடும். கணவருக்குத் தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட். மிச்சப் பாடங்கள் எல்லாம் காலையில்தான். இந்த ஒன்றிலிருந்து விலக்குக் கிடைத்தால் படிக்கலாம், கிடைக்காவிட்டால் படிப்பை மறந்துவிட வேண்டியதுதான்.

ஏற்கனவே படித்தவர்களுக்கு விலக்கு உண்டு என்றார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து அதற்கான கடிதம் எடுப்பித்துக்கொண்டு பல்கலைக்கழக அலுவலகத்துக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை மணித்தியாலம் படித்தீர்கள் என்று இதில் இல்லையே என்றார். மணித்தியாலம் போட்ட கடிதம் வர இரண்டு மாதம். அதில் பாடத்திட்டம் இல்லை. பாடத்திட்டம் வந்தபோது முத்திரை தெளிவில்லை. ஒவ்வொரு தடவையும் போய்ச் சந்திக்கப் புதிதாக ஒரு நாள், அவர்கள் பாஷையில் டெர்மின், ஒவ்வொரு டெர்மினுக்கும் மூன்று கிழமை காத்திருப்பு. அலுவலகத்து மலசலகூடத்தில் நின்று அழுதிருக்கிறேன். கவலையில் இல்லை, ஆத்திரத்தில்.

ஆறாவது மாதம் அந்தப் பெண்மணி, ஒரு பரீட்சை இருக்கிறது, அதில் சித்தியடைந்தால் பாடத்துக்குரிய புள்ளிகளைத் தந்துவிடுவோம் என்றார். கடிதம் ஒன்றும் தேவையில்லையாம். இதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன என்று கேட்டேன். முதலில் கடிதங்களைப் பார்ப்பதுதான் ஒழுங்கு என்றார். அந்த ஒழுங்கைத் தூக்கி அவர் மேசையிலேயே அடிக்கலாம் போல இருந்தது.

பரீட்சைக்கு ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். எழுத்துப் பகுதி எனக்குத் தண்ணீர் குடிப்பது மாதிரி. ஜெர்மன் சொற்களுக்குத்தான் கொஞ்சம் யோசித்தேன். அடுத்தது செய்முறை. ஆளுக்கொரு நுணுக்குக்காட்டி, அதன் கீழ் இலையொன்றின் மெல்லிய குறுக்குவெட்டு. கண்டதைப் படமாகக் கீறிப் பெயர் குறிக்க வேண்டும், நாற்பது நிமிடம்.

எனக்குச் சிரிப்பு வந்தது. இலையின் குறுக்குவெட்டைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் கீறுவேன். ரியூசனில் அந்தப் படத்தை எத்தனை தரம் கீறியிருப்போம்! கூரான பென்சில், நிழல் போடக்கூடாது, பெயர்க்கோடுகள் எல்லாம் வலப்பக்கம், கோடு கோட்டை வெட்டக்கூடாது. கண்ணை வைத்தேன், இலைதான், கண்ணை எடுத்தேன். மேற்றோல், அதன்கீழ் வேலி அடைத்ததுபோல நிற்கும் கலங்கள், அடியில் இலை மூச்சுவிடும் இலைவாய்கள். பதினைந்து நிமிடத்தில் முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தேன். மற்றப் பிள்ளைகள் அரை மணித்தியாலமாகக் குழாய்க்குள் கண்ணை விட்டபடி கோணல்மாணலாக ஏதோ கீறிக்கொண்டிருந்தார்கள். பாவங்கள் என்று நினைத்தேன்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. எழுத்துப் பகுதி மிக நன்று. செய்முறை போதாது. இரண்டிலும் சித்தியடைய வேண்டுமாம். மறுபடி எழுத முடியாதாம்.

"அந்தப் படத்தைப் பெயில் விட்டிட்டினம் அப்பா! எங்கட ஆக்கள் படிச்சு வந்தால் இவைக்குப் பொறுக்காது. வேற என்ன?" என்று கணவரிடம் கத்தினேன். தெரிந்த தமிழ் வீடுகளுக்கெல்லாம் தொலைபேசி எடுத்து இதையே சொன்னேன். எல்லாரும் ஓம் ஓம் என்றார்கள்.

கணவர் சாதுவான மனிதர். அன்றைக்கு அவருக்கே கோபம் வந்துவிட்டது. "விடக்கூடாது. விடைத்தாளைக் காட்டச் சொல்லிக் கேக்கலாம், அது எங்கட உரிமை. நானும் வாறன்" என்றார். வேலைக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, கல்யாணத்துக்குப் போட்ட கோட்டையும் மாட்டிக்கொண்டு வந்தார்.

பரீட்சகர் நரைத்த தலைமுடியுள்ள ஒரு பெண். என் படத்தை மேசையில் வைத்தார். பக்கத்தில் நுணுக்குக்காட்டியை வைத்து, அதே இலைவெட்டைப் பொருத்தினார். படம் மிக நன்றாக இருக்கிறது, ஆனால் எந்த இலை இது என்று கேட்டார். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. இது பாடப்புத்தகத்தில் உள்ள இலை, எந்தப் பிழையும் இல்லை என்று உரத்துச் சொன்னேன். நான் பேசிக்கொண்டிருக்க, கணவர் குனிந்து குழாய்க்குள் பார்த்தார். அவர் பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். நிமிர்ந்து என் படத்தைப் பார்த்தார். திரும்பவும் குனிந்தார்.

"இஞ்சேரும், இதில ஓட்டையள் மேலயெல்லோ கிடக்கு. நீர் கீழ கீறியிருக்கிறீர்" என்றார் மெதுவாக. "நடுவிலயும் பெரிய பெரிய வெளியாக் கிடக்கு. அதையும் காணேல்லை."

நான் குனிந்து பார்த்தேன். அல்லி இலை. தண்ணீரில் மிதக்கும் இலைக்கு அடியில் காற்று ஏது? இலைவாய்கள் மேற்பக்கம்தான் இருக்கும். அது எனக்குத் தெரியாததா! எழுத்துப் பகுதியில் அதையே ஒரு பக்கத்துக்கு எழுதியிருந்தேன். வெட்கத்தில் காது சுட்டது. நன்றி சொன்னேனா என்றுகூட ஞாபகமில்லை.

திரும்பும் ரயிலில் கணவர் ஒரு சொல்லும் ஏசவில்லை. அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி, நான் படிப்பை விடுறன்" என்றேன்.

"ஏன் விடுறீர்? அந்த வகுப்புக்குப் போமன்."

"பிள்ளையை ஆர் கூட்டிக்கொண்டு வாறது? உங்களுக்குப் பின்னேர ஷிஃப்டெல்லோ!"

"காலமை ஷிஃப்டுக்கு ஆக்கள் காணாதெண்டு போன வருஷத்திலயிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாங்கள். விடிய நாலு மணிக்கு எழும்பவேணும். அவ்வளவுதான். நாளைக்கே மாறலாம்."

"இதை ஏன் எனக்கு முதலே சொல்லேல்லை?"

"நீர் என்னட்டைக் கேக்கேல்லையே. பின்னேர ஷிஃப்ட், மாத்த ஏலாது எண்டு நீரே முடிவெடுத்திட்டீர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. யாரில் கோபிப்பது என்று தேடினேன். அந்த ரயில் பெட்டியில் என்னைத் தவிர ஒருவரும் அகப்படவில்லை.