இரண்டாம் வகுப்புத் தீ

"சார், ரெண்டாங்கிளாஸ் பெருசா, மூணாங்கிளாஸ் பெருசா?"

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு முற்பகலில் வசந்தா தொலைபேசியில் என்னிடம் கேட்ட கேள்வி இது. முப்பத்து நான்கு ஆண்டுகள் பள்ளிக்கூடத்தில் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவனிடம் கேட்கிற கேள்வியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. "மூன்றாம் வகுப்புதானம்மா பெரிது, இதில் என்ன சந்தேகம்?" என்றேன். அந்தப் பக்கம் யாரோ யாரையோ தெலுங்கில் அதட்டுவது கேட்டது. "அதான் சார். நீங்களும் அதைத்தான் சொல்வீங்கன்னு தெரியும்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சென்ற திங்கட்கிழமை காலை அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியவர் வசந்தாவின் கணவர். "மாஸ்டாரு, வசந்தா லேது" என்றார். இல்லை என்கிற அந்தச் சொல்லை நான் வீட்டில் இல்லை என்று எடுத்துக்கொண்டு, எப்போது வருவார் என்று கேட்டுவிட்டேன். அவர் அழத் தொடங்கிய பிறகுதான் எனக்கு விளங்கியது. முந்தின நாள் மாலை மாரடைப்பு. திருப்பதியில் மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. வயது நாற்பத்தெட்டு.

திருப்பதிக்குக் கிழக்கே உள்ள ஒரு பசைத் தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரியாக இருந்தவர் வசந்தா. அங்கே அவரோடு வேலை செய்தவர்கள் இதைப் படிப்பீர்கள் என்று நம்புகிறேன். அவரை நீங்கள் நாள்தோறும் பார்த்தவர்கள். நான் அவருடைய வாழ்வின் கடைசி நான்கு ஆண்டுகளில், அதுவும் ஒரே ஒரு வேலையின் பொருட்டுப் பழகியவன். அவர் என் மாணவி அல்லர். சொல்லப்போனால், அந்த வேலையில் திருத்தப்பட்டவன் நான்.

பாலசமுத்திரத்துப் பக்கத்தில் சொந்த நிலமில்லாத குடும்பம் அவருடையது. அப்பாவை நைனா என்றுதான் சொல்வார். நைனாவைப் பார்த்துவிட்டுத் திருப்பதிக்குத் திரும்பும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வழியில் சித்தூரில் இறங்கி என் வீட்டைத் தேடி வந்தார். யாரோ ஒருவர் தமிழ் தெரிந்த கெமிஸ்ட்ரி வாத்தியார் என்று என்னைச் சொல்லியிருக்கிறார். கையில் ஒரு கத்தைத் தாள். பசையைக் கரைக்கப் பயன்படும் டொலுவீன் என்ற திரவத்தின் பாதுகாப்புத் தாள். எல்லாம் ஆங்கிலம். தொழிற்சாலைக்குத் திருத்தணிப் பக்கமிருந்து வருகிற ஆட்கள் நிறையப் பேர். அவர்களுக்குத் தெலுங்கு எழுத்தும் தெரியாது, ஆங்கிலமும் ஓடாது. தமிழில் வேண்டும் என்றார்.

டொலுவீன் எனக்குப் புதிதல்ல. அதன் அமைப்பைக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்திருக்கிறேன். ஆறு மூலை வளையம், ஒரு மூலையில் ஒரு வால். ஆனால் இருநூறு லிட்டர் டிரம்மில் அதை நான் பார்த்ததே இல்லை என்பது அன்று பேசும்போதுதான் உறைத்தது. வசந்தாவுக்கு அது வளையமாகத் தெரியவில்லை. யார் என்ன செய்யும்போது யாருக்கு என்ன ஆகும் என்பதாகவே தெரிந்தது. தீப்பற்றும் வெப்பநிலை நான்கு டிகிரி என்று தாளில் இருந்ததை நான் வெறும் எண்ணாகப் படித்தேன். அவர் சொன்னார்: "நம்ம ஊர்ல மார்கழி விடிகாலைல நாம சால்வை போத்திக்கினு நிப்போம் சார். அதுக்கு அதுவே வெயில். ஆவி கிளம்பி ரெடியா நிக்கும். பொறி ஒண்ணுதான் பாக்கி."

அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. இதையும் நான் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், மூலக்கூறு எடையைக் கூட்டிக் காட்டி. அவர் சொன்ன விதம் வேறு. புகை மேலே போகும், இது தரையோடு தவழ்ந்து போகும். நின்றுகொண்டிருப்பவனுக்கு நாற்றம் தெரியவில்லை என்பதால், முட்டி போட்டு நட்டு முடுக்குகிறவனுக்கும் இல்லை என்று நினைத்துவிடக் கூடாது என்றார்.

ஆபத்துகளை இரண்டு கட்டாகப் பிரித்து வைத்திருந்தார். ஒன்று, பொருளால் வரும் ஆபத்து: தீ, வெடிப்பு. இன்னொன்று, உடம்புக்கு வரும் ஆபத்து: தோல் எரிச்சல், தலைச்சுற்றல், மயக்கம், நாள்பட்ட பாதிப்பு, வயிற்றிலிருக்கும் குழந்தைக்கு வரக்கூடியது. தொழிற்சாலைகளில் முதல் கட்டுக்குத்தான் மரியாதை அதிகம். தீயணைப்புக் கருவி பளபளவென்று தொங்கும். "தீ ஒரு நிமிஷத்துல பேரு வாங்கிக்கினு போயிடும் சார். உடம்புக்குள்ள பூர்றது வருஷக்கணக்கா சத்தமில்லாம பூரும். ரெண்டுக்கும் ஒரே அளவு எழுத்து போடுங்க" என்பது எனக்கு அவர் இட்ட முதல் கட்டளை.

நான் மிகுந்த ஈடுபாட்டோடு மொழிபெயர்த்தேன். இரண்டு வாரம் கழித்து வந்து படித்துப் பார்த்தார். ஓரிடத்தில் நிறுத்தினார். 'தவறுதலாக உட்கொள்ள நேரின் வாந்தியெடுக்கத் தூண்டலாகாது' என்று எழுதியிருந்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார்.

"சார், இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள உப்புத் தண்ணி கரைச்சு வாயில ஊத்திடுவாங்க."

உண்மைதான். யார் எதைக் குடித்தாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பதுதான் நம் பக்கத்து முதலுதவி. டொலுவீன் விஷயத்தில் அதுவே ஆளைக் கொல்லும். மேலே வரும்போது நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அந்த வரியை 'குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதே, உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கு' என்று மாற்றினோம். இப்படி ஒவ்வொரு வரிக்கும், இதை யார் படிப்பார்கள், அப்போது அவர்கள் கையில் என்ன இருக்கும் என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

ஆனால் ஒரு சொல்லில் இருந்த ஆபத்து எங்கள் இருவர் கண்ணிலும் படாமல் தப்பிவிட்டது. ஆபத்தின் கடுமையைக் காட்ட உலகம் முழுவதும் எண் போடுகிறார்கள். ஒன்று என்றால் மிகக் கடுமை. எண் ஏற ஏற ஆபத்து குறையும். டொலுவீன் தீயில் இரண்டு. இயந்திரம் துடைக்க வைத்திருக்கும் டர்பன்டைன் மூன்று. எண்ணுக்கு முன்னால் ஆங்கிலத்தில் 'கேட்டகிரி' என்று இருந்தது. நல்ல தமிழில் 'வகுப்பு' என்று எழுதினேன். தீப்பற்றும் திரவம், இரண்டாம் வகுப்பு. வசந்தா அதைப் பாராட்டவும் செய்தார்.

தாள்கள் அச்சாகி ஒவ்வொரு கொட்டகையிலும் ஒட்டப்பட்டன. ஒரு வாரம் சென்றது. ஒரு கொட்டகையில் பழைய குழாய் ஒன்றை வெல்டிங் வைத்து அறுக்க வேண்டியிருந்தது. அறுக்குமுன் அங்கிருக்கும் டிரம்களை வெளியே எடுக்க வேண்டும். அந்த வேலை ஏழுமலையுடையது. திருத்தணியிலிருந்து தினமும் ரயிலில் வருகிற ஒப்பந்தத் தொழிலாளி. கவனமானவர். சுவரில் இருந்த தாளைப் படித்துப் பார்த்திருக்கிறார். இரண்டு டிரம்மிலும் நெருப்புப் படம் இருக்கிறது, வேறுபாடு எண்ணில்தான். மூன்றாம் வகுப்பு டர்பன்டைனை முதலில் தள்ளு வண்டியில் ஏற்றி வெகுதூரம் கொண்டுபோய் வைத்தார். இரண்டாம் வகுப்பு டொலுவீனை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம் என்று அங்கேயே விட்டிருந்தார். வெல்டர் முகமூடியை இறக்கும் நேரத்தில் வசந்தா உள்ளே வந்திருக்கிறார்.

வெல்டிங் மின்சாரத்தை அணைக்கச் சொல்லி, எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டுத்தான் ஏழுமலையிடம் கேட்டாராம். அவர் சற்றுப் பெருமையாகவே பதில் சொன்னார்: "பெரிய கிளாஸை முதல்ல தூக்கிட்டேன் மேடம். இது ரெண்டாங்கிளாஸ்தானே, சின்னப் பையன்." அந்த இடத்திலிருந்துதான் எனக்கு அந்தத் தொலைபேசி அழைப்பு.

மறுநாள் பாகாலா வழியாகப் பேருந்து பிடித்துத் தொழிற்சாலைக்குப் போனேன். உற்பத்தி மேலாளரின் அறையில் பேச்சு நடந்துகொண்டிருந்தது. இரண்டு நாளில் வெளியிலிருந்து தணிக்கைக்கு வருகிறார்கள். தமிழ்த் தாள்கள் நன்றாக இருக்கின்றன, அவற்றைக் கழற்றக் கூடாது. ஏழுமலை கவனக்குறைவாக நடந்தார் என்று ஒரு மெமோ கொடுத்து ஆளை நிறுத்திவிட்டால் விஷயம் முடிந்தது என்பது மேலாளரின் கட்சி. மெமோ தயாராக இருந்தது. பாதுகாப்பு அதிகாரியின் கையெழுத்துதான் வேண்டும். ஏழுமலை கதவுக்கு வெளியே நின்றிருந்தார். அவருக்குப் பள்ளியில் படிக்கும் இரண்டு பெண்கள்.

வசந்தா குரலை உயர்த்தவில்லை. தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடித்தார். "படிக்காம பண்ணவன் மேல மெமோ குடுங்க, கையெழுத்து போடறேன். இவன் படிச்சுட்டுப் பண்ணான் சார். படிச்சவனுக்குத் தண்டனைன்னா, நாளைலேந்து எவனும் சுவத்தைத் திரும்பிப் பாக்க மாட்டான்."

பிறகு ஒரு வெள்ளைத் தாளை எடுத்து நடந்ததை எழுதினார். தவறு யாருடையது என்ற இடத்தில் தன் பெயரைப் போட்டார். நான் குறுக்கிட்டு, அந்தச் சொல் என்னுடையது, என் பெயரைப் போடம்மா என்றேன். "நீங்க எழுதினீங்க. சரின்னு கையெழுத்து போட்டு ஒட்டினது நான்தானே" என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்து எழுதினார்.

அன்று மாலையே எல்லாத் தாள்களும் கிழிக்கப்பட்டன. தணிக்கைக்கு வந்தவர்கள் பசைக்கறை படிந்த சுவர்களைப் பார்த்துக் காரணம் கேட்டபோது, வசந்தா தாமாகவே அந்த அறிக்கையை எடுத்து நீட்டினார். ஏழுமலை வேலையில் நீடித்தார். அந்த ஆண்டு வசந்தாவுக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போயிற்று. இதை அவர் என்னிடம் ஒருமுறைகூடச் சொன்னதில்லை. பின்னாளில் ஏழுமலை சொல்லித்தான் தெரியும்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். தெலுங்கு படிக்கிறவர்களுக்காக ஒட்டியிருந்த தாளை எழுதியவர் சோம்பல்பட்டு 'கேட்டகிரி' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டார். அது யாருக்கும் புரியவில்லை. புரியாததால் வந்து கேட்டார்கள். என் தமிழ் புரிந்துவிட்டது. அதனால் யாரும் கேட்கவில்லை.

புதிய தாளை எழுத வசந்தா என்னைத் தொழிற்சாலை கேன்டீனுக்கே வரச் சொன்னார். எதிரில் ஏழுமலையை உட்கார வைத்தார். 'படிநிலை' என்றேன், மாடிப்படியா என்றார் ஏழுமலை. 'பிரிவு' என்றேன், எங்கள் கொட்டகை ஏ பிரிவு, அதுவா என்றார். தட்டில் இருந்த வடையைத் தின்று முடித்து, கையைத் துடைத்துக்கொண்டு அவரே சொன்னார்:

"ஒண்ணுதான் பெருசுன்னா அது ரேங்க்கு சார். கிளாஸ் இல்ல. எம் பொண்ணு ரெண்டாவது ரேங்க்குன்னா அவளுக்கு மேல ஒருத்திதான் இருக்கறா."

வசந்தா என்னைப் பார்த்தார். "சார், மார்க் போடுங்க" என்றார். ஆயுள் முழுவதும் மாணவர்களுக்கு ரேங்க் போட்டவனுக்கு அந்தச் சொல் தோன்றவில்லை. 'தீ ஆபத்தில் இரண்டாம் ரேங்க்' என்றுதான் இன்றும் அந்தச் சுவர்களில் இருக்கிறது. மொழித் தூய்மை பேசுகிறவர்கள் என்னை மன்னிக்கட்டும். மன்னிக்காவிட்டாலும் அந்தத் தாள் அப்படியே இருக்கும்.

அதே நாளில் இன்னொரு வரிக்காகவும் நெடுநேரம் உட்கார்ந்தோம். வயிற்றிலிருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடும் எனச் சந்தேகிக்கப்படுகிறது என்பது அந்த வரி. மேலாளருக்கு அது பிடிக்கவில்லை. சந்தேகம்தானே, எடுத்துவிடலாம் என்று சொல்லியனுப்பினார். பேக்கிங்கில் நாற்பது பெண்கள் பயந்துபோவார்கள் என்பது அவர் கவலை. வசந்தாவின் பதில் எனக்கு மனப்பாடம்: "சந்தேகம்னா இல்லன்னு அர்த்தம் இல்ல. இன்னும் முழுசா தெரியலன்னு அர்த்தம். தெரியறதுக்கு நம்ம புள்ளைங்களைக் குடுக்கணுமா?" வரி நின்றது. அவர் அதோடு விடவில்லை. கருவுற்ற பெண்களுக்கு அதே சம்பளத்தில் லேபிள் ஒட்டும் அறையில் வேலை என்று ஏற்பாடு செய்த பிறகே அந்தத் தாளை ஒட்டவிட்டார். இடம் மாற்றாமல் எச்சரிக்கை மட்டும் ஒட்டினால், அந்தப் பெண்கள் வயிற்றை மறைக்கத்தான் கற்றுக்கொள்வார்கள் என்றார்.

செவ்வாய்க்கிழமை பாலசமுத்திரத்தில் அடக்கம். தொழிற்சாலையிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். பறையும் பட்டாசுமாக ஊர்வலம் கிளம்பும்போது, ஏழுமலை மட்டும் பட்டாசுப் பையை வாங்கி ஜெனரேட்டர் டீசல் கேன் பக்கத்திலிருந்து தூரமாக எடுத்துக்கொண்டு போனார். கொளுத்த வந்தவர் என்னப்பா என்று முறைத்தார். "அண்ணா, மேடம் எழுந்து வந்து மெமோ குடுத்துடுவாங்க" என்றார் ஏழுமலை. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தபடியே சிலர் அழுதார்கள். வசந்தாவின் நைனா, எதற்குச் சிரிக்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தானும் தலையாட்டினார்.

என்னிடம் வசந்தாவின் பொருளாக இருப்பது ஒன்றுதான்: என் முதல் மொழிபெயர்ப்பு, அவருடைய பச்சை மையில் திருத்தங்களோடு. ஆனால் அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு கேள்வி. பாடம் முடிந்ததும் நான் "புரிந்ததா?" என்பேன். "புரிந்தது சார்" என்று ஐம்பது குரல் வரும். மணி அடிக்கும். அவர்களுக்கு என்ன புரிந்தது என்று எனக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை. வசந்தா யாரிடமும் புரிந்ததா என்று கேட்டு நான் பார்க்கவில்லை.

உங்கள் வீட்டில் தின்னரோ டர்பன்டைனோ பூச்சிமருந்தோ கட்டாயம் ஏதாவது ஒன்று இருக்கும். இன்று அதை எடுங்கள். அதன்மேல் அச்சிட்டிருக்கும் எச்சரிக்கையை, அதைத் தொடக்கூடிய ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். பிறகு, என்ன புரிந்தது என்று அவரைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.