ஊசியக்கா முகம் பார்க்கப் பழகியது

வியாழக்கிழமை பத்தரை மணிக்கு ஊசியக்கா தன் வாழ்க்கையின் முதல் நேர்முகத் தேர்வுக்குப் போக வேண்டும். வயது நாற்பத்தாறு. இதற்கு முன் பார்த்த ஒரே வேலைக்கு அவளை யாரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. பூனைக்கு வைத்தியம் பார்க்கப் போனவளிடம், “இந்த நாயைக் கொஞ்சம் பிடிம்மா” என்றார் டாக்டர். பிடித்தாள். பத்தொன்பது வருஷம் பிடித்துக்கொண்டே இருந்தாள். நடுவில் மாலை வகுப்புக்குப் போய்க் கால்நடை நர்ஸ் சான்றிதழும் வாங்கினாள். ஊசி போட்டதெல்லாம் டாக்டர்தான். பெயர் மட்டும் இவளுக்கு ஒட்டிக்கொண்டது.

போன வருஷம் டாக்டரின் முழங்கால் மக்கர் பண்ண, அந்த இரண்டறை ஆஸ்பத்திரி மூடப்பட்டது. இப்போது அங்கே செல்போன் உறை விற்கிறார்கள். ஊசியக்கா அந்தப் பக்கம் போவதில்லை, போனாலும் எதிர்ச்சாரியில்தான். ஊரில் மிச்சமிருப்பது நாலு மாடியில் முளைத்த புது விலங்கு ஆஸ்பத்திரி ஒன்றுதான். அங்கேயும் வேண்டாமென்றுவிட்டால், இனி அந்தக் கைகளுக்குத் துணி மடிக்கும் உத்தியோகம்தான்.

வீட்டு ஒத்திகைக்குத் தேர்வுக்குழுவாகப் பொறுப்பேற்றவர் கணவர். டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். மேலே இஸ்திரி போட்ட சட்டையும் கீழே அரை டிராயருமாகச் சாப்பாட்டு மேசையில் வந்து அமர்ந்தார். கல்லூரி மகள் மேற்பார்வை.

“உங்களைப் பத்திச் சொல்லுங்க.”

ஊசியக்கா நாற்காலியைப் பக்கவாட்டில் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். பார்வையைத் தரைக்கு இறக்கினாள். பிறகு நிதானமாக ஒரு கொட்டாவி விட்டாள்.

“அம்மா, என்ன பண்ற?”

“பயப்படாம இருக்கட்டும்னுதான்.”

“யாரு?”

“உங்கப்பா.”

அவள் பேரில் குற்றமில்லை. மிரண்ட நாயை நேருக்கு நேர் பார்த்தால், அதன் கணக்கில் அது சண்டைக்கு அழைப்பு. ஒருக்களித்து உட்கார்ந்து, கண்ணைத் தாழ்த்தி, கொட்டாவி விட்டால், இவளால் ஆபத்தில்லை என்று அடங்கும். பத்தொன்பது வருஷத்தில் அது எலும்புக்குள் இறங்கிவிட்டது. மாமியார் எதிரிலும் அப்படித்தான் உட்காருவாள். அந்த அம்மாள் கடைசிவரை கடிக்கவில்லை.

“என் கண்ணைப் பாரு,” என்றார் கணவர். “பின்னாடி வண்டி வருதான்னு கண்ணாடியில பாக்கற மாதிரி, அப்பப்ப ஒரு பார்வை.”

பார்த்தாள். “ஏங்க, கண்ணு மஞ்சளா இருக்கே. எங்க, ஈறைக் காட்டுங்க.”

தேர்வுக்குழு ஈறைக் காட்டியது. அன்றைய தேர்வு அத்துடன் ஒத்திவைக்கப்பட்டது.

மறுநாள் மகள், நேர்முகத்துக்குக் கொண்டுபோக வேண்டிய விண்ணப்பத்தோடு உட்கார்ந்தாள். “ஆபரேஷன்ல உதவி பண்ண ஆரம்பிச்சது எந்த வருஷம்மா?”

“அதுவா? கிளி சட்டை பட்டனை முழுங்கின வருஷம்.”

“கிளி எந்த வருஷம் முழுங்குச்சு?”

பழைய ஆஸ்பத்திரியின் அந்தச் சிறிய அறை ஊசியக்காவுக்குள் திறந்துகொண்டது. டெட்டால் வாசனை, ஒரு பக்கம் ஆடும் மேசை, கால் கிலோ கூட்டிச் சொல்லும் தராசு. தையல் போடும்போது டாக்டர் ஏதாவது முணுமுணுவென்று பாடிக்கொண்டே இருப்பார். “பாட்டு நின்னா எங்கியோ ரத்தம் நிக்கலைன்னு அர்த்தம்டி. அவர் கேக்கறதுக்குள்ள ரத்தக்குழாயைப் பிடிக்கற கிளிப்பை நீட்டிடுவேன்,” என்றாள் மகளிடம்.

“டீம் வொர்க்னு போட்டுக்கறேன்,” என்றாள் மகள்.

வியாழக்கிழமை மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். ஊசியக்கா மூவரையும் கண்ணோடு கண் பார்த்தாள். பார்த்த வேகத்தில் ஓரத்தில் இருந்தவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டார். மனப்பாடம் செய்ததையெல்லாம் ஒப்பித்தாயிற்று. மூவர் முகத்திலும் ஒரு சலனமும் இல்லை.

“நீங்க எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?” என்றார் நடுவில் இருந்த தலைமை டாக்டரம்மா.

கணவர் சொல்லித்தராத பாடம் இது. லைசென்ஸ் டெஸ்டில் இந்த மரியாதை எல்லாம் கிடையாது.

“இங்க பின்வாசல் இருக்கா மேடம்?”

“எதுக்கு?”

“ஒரு உயிர் போயிடுச்சுன்னா, கொண்டுவந்தவங்க காலிக் கூடையோட முன்னாடி கூட்டத்தைத் தாண்டி நடக்க வேணாமே. எங்க டாக்டர் பின்பக்கமாத்தான் அனுப்புவார். கூடையை வாங்கிகிட்டு நான் தெருமுனை வரைக்கும் கூடப் போவேன்.”

நாலு மாடியும் இரண்டு லிப்டும் கட்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரம்மா எழுந்தார். “எக்ஸ்ரே ரூம் பக்கத்துல ஒரு கதவு உண்டு. வாங்க, பாத்துடலாம்.”

கதவு இருந்தது. அதை மறித்துக்கொண்டு ஆளுயரத்துக்கு அட்டைப்பெட்டிகளும் இருந்தன. ஊசியக்கா கைப்பையைத் தரையில் வைத்துவிட்டு முதல் பெட்டியை நகர்த்தினாள்.

“நீங்க ஏன்? திங்கக்கிழமை நீங்க வேலைக்கு வந்து சேர்ந்ததும் ஆள் வெச்சு எடுத்துக்கலாம்.”

“அதுக்குள்ள யாராவது வந்துட்டா?”

இரண்டாவது பெட்டியைப் பாதி தூக்கிய பிறகுதான் திங்கட்கிழமை அவள் காதில் விழுந்தது.