ராஜம் அக்கா எழுதிய அரை நிமிடம்

செய்தி வாட்ஸாப்பில் வந்தது. ஓய்வுபெற்ற சுருக்கெழுத்தர்களுக்கென்று எங்களுக்கு ஒரு குழு உண்டு. பிறந்தநாள் வாழ்த்தும் மூட்டுவலிக் கஷாயமும்தான் அதில் பெரும்பாலும் வரும். அன்று காலை கரமனை ஆற்றோரம் நடந்துவிட்டு வந்து அடுப்பில் பாலை வைத்திருந்தேன். 'ஸ்ரீவராகம் ராஜம் அக்கா காலமானார்' என்று ஒரே ஒரு வரி. அதன் கீழே ஐந்து நிமிடத்துக்குள் கைகூப்பிய படங்கள் வரிசையாக வந்து விழுந்தன. எல்லாம் ஒரே படம். நானும் அதையே போட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்திருந்தது.

மாலைக்குள் இரங்கல் அறிக்கை ஒன்றும் வந்து சேர்ந்தது. பல நாடுகளின் நாடாளுமன்றங்கள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பு அதை வெளியிட்டிருந்தது. ஆண்டுக்கு ஒரு நாட்டில் உறுப்பினர்களைக் கூட்டி, பேசவைத்து, பிரகடனம் ஒன்றை நிறைவேற்றும் அமைப்பு. ஓய்வுக்குப் பிறகு நானும் அக்காவும் அதன் மாநாடுகளுக்குக் குறிப்பெழுதப் போனோம். பெயரைச் சொல்லவில்லை, சொன்னால் அதற்கும் ஓர் அறிக்கை வரும். "ஒருமித்த கருத்தை உருவாக்கிய பேனா ஓய்ந்தது" என்று எழுதியிருந்தார்கள். அக்கா எந்தக் கருத்தையும் உருவாக்கவில்லை. சொன்னதைச் சொன்னபடி எழுதினார். அப்படி எழுதியதற்காகத்தான் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகளில் அவரை ஒரு மாநாட்டுக்கும் அவர்கள் கூப்பிடவில்லை.

அக்காவை அறிந்தவர்களுக்கு எங்கள் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாடாளுமன்ற அவையில் பேசுவதை வார்த்தைக்கு வார்த்தை எழுதுகிறவர்கள் நாங்கள். ஒருவர் ஐந்து நிமிடம் எழுதுவார், அடுத்தவர் வந்து உட்காருவார். வார்த்தை எதுவும் சிந்திவிடக் கூடாது என்பதற்காக, மாறும்போது அரை நிமிடத்தை இருவருமே எழுதுவோம். எழுந்து போகிறவர் அதைத் தட்டச்சு செய்வார். வந்து உட்கார்ந்தவர் தன் நோட்டோடு அதைச் சரிபார்த்து 'ஒத்துப் பார்த்தேன்' என்று கையெழுத்திடுவார். இரண்டு நோட்டிலும் இருந்தால்தான் அந்த அரை நிமிடம் அச்சுக்குப் போகும். டெல்லியில் இருந்த இருபது ஆண்டுகளில் பெரும்பாலும் அக்கா எழுந்து போகிறவர், நான் வந்து உட்காருகிறவன்.

டெல்லியில் ஒருமுறை உறுப்பினர் ஒருவர் தன் பேச்சின் தட்டச்சுப் பிரதியோடு எங்கள் அறைக்கே வந்துவிட்டார். மொழியைத் திருத்தும் உரிமை அவருக்கு உண்டு. அவருக்கோ அது போதவில்லை, மூன்று இடத்தில் '(கைதட்டல்)' என்று சேர்க்கச் சொன்னார். அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: "தட்டியிருந்தா எழுதியிருப்பேன் சார். வேணும்னா இப்போ நானும் சாமுவேலும் தட்டறோம். ஆனா அது அவையில தட்டினது ஆகாது, கேட்டேளா." அவர் முகம் சுருங்கித் திரும்பிப் போனார். அந்த ஆள் பிறகு அமைச்சரானார், அதையும் அக்காதான் குறிப்பில் எழுதினார்.

இந்த மாநாடுகள் என்றாலே எனக்கு ஒரு வெறுப்பு. நேரில் பார்த்தவர்களுக்குத்தான் அது புரியும். இருபது பேராக வந்து இறங்குவார்கள். முதல் நாள் படம் எடுக்கும்போது அத்தனை பேரும் இருப்பார்கள். இரண்டாம் நாள் பாதி நாற்காலிகள் காலி, ஆட்கள் கடைவீதியில். பெருங்கடலைக் காப்போம் என்று ஒருவர் மேடையில் முழங்கும்போது கீழே இரண்டு பேர் சால்வையின் நெசவைத் தடவிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் ஒருநாள் பொறுக்க முடியாமல், "இந்தச் சந்தைக்கு நாம எதுக்குக்கா குறிப்பெழுதணும்? கலைச்சுட்டுப் போலாம்லா" என்றேன்.

"நீ மேசையைத் திட்டறே சாமுவேல். உக்காந்திருக்கறவாளைத் திட்டு, நானும் கூடச் சேந்து திட்டறேன்" என்றார் அக்கா. "மேசை வேணுமாக்கும். பெரிய நாட்டுக்காரன் ஒரு சின்ன நாட்டுக்காரிகிட்ட வேற எங்க உக்காந்து பதில் சொல்லப் போறான்? அவனுக்கும் ஒரு ஓட்டு, அவளுக்கும் ஒரு ஓட்டு. இது வேற எங்கயாவது உண்டா, சொல்லு."

அக்கா வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை, கண்ணால் கண்டதைச் சொன்னார். அதற்கு முந்தைய மாநாடு ஒன்றில், ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு நாட்டுக்காரர்கள் பெயர் வரிசைப்படி பக்கத்துப் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. இரண்டு நாள் முறைத்துக்கொண்டே இருந்தார்கள். மூன்றாம் நாள் தேநீருக்குக் கலையும் நேரத்தில் ஒருவர் மற்றவரிடம் ஒரு தாளை நகர்த்தினார். எல்லை தாண்டிப் பிடிபட்டுச் சிறையில் கிடந்த மீனவர்களின் பெயர்ப் பட்டியல் அது. வாங்கியவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். சில மாதங்களில் அந்த ஆட்கள் வீடு திரும்பினார்கள். அதில் ஆறு பேர் எங்கள் பக்கத்துக் கடற்கரை ஊரான விழிஞ்ஞத்துக்காரர்கள். அக்கா பஸ் பிடித்துத் தனியாக விழிஞ்ஞத்துக்குப் போய், கூட்டத்தின் பின்னால் நின்று அவர்கள் வந்து இறங்கியதைப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தார். "எழுதினது நெஜமா நடந்தா எப்படி இருக்கும்னு பாக்கணும்னு ஆசை. அது மதி, போரும், பாத்தாச்சு" என்று மறுநாள் என்னிடம் சொன்னார்.

பிறகு அந்த மாநாடு நம் ஊருக்கே வந்தது. கோவளத்தை ஒட்டிய ஒரு ஹோட்டலில் மூன்று நாள். அக்கா அன்றைக்கு இருந்த உற்சாகத்தில் நான் வேறு எப்போதும் அவரைப் பார்த்ததில்லை. பிரகடனத்தின் வரைவில் ஏழாவது பத்தி என்று ஒன்று இருந்தது. வழிதவறி எல்லை தாண்டும் மீனவர்களைச் சிறையில் அடைக்காமல் திருப்பி அனுப்ப ஒவ்வொரு நாடாளுமன்றமும் சட்டம் கொண்டுவரும் என்பது அதன் சாரம். அதைக் கொண்டுவந்தவர் ஒரு சிறிய தீவு நாட்டின் உறுப்பினர். அவரது தூதுக்குழு என்பதே அவர் ஒருவர்தான். பூப்போட்ட பருத்திச் சட்டை போட்ட அந்த அம்மாள் மூன்று நாளும் நாற்காலியை விட்டு எழவில்லை.

இரண்டாம் நாள் மாலை ஒரு பெரிய நாட்டின் குழு, அந்தப் பத்தி இருந்தால் நாங்கள் கையெழுத்திட மாட்டோம் என்றது. மறுநாள் காலை வந்த தாளில் ஏழாவது பத்தி இல்லை. எட்டாவது பத்திக்கு ஏழு என்று எண் போட்டிருந்தார்கள். இறுதிக் கூட்டம் அவசர அவசரமாக நடந்தது, ஏனென்றால் மதியச் சாப்பாட்டுக்கு ஏரிக்கரைக்குப் போக வாசலில் வண்டிகள் காத்திருந்தன. தலைவர் ஆட்சேபம் உண்டா என்று கேட்டபடியே அடுத்த தாளைப் புரட்டினார். அந்த அம்மாள் எழுந்தார். அவர் மைக் அணைந்திருந்தது. மைக் இல்லாமலேயே பேசினார். அதே நேரத்தில்தான் அக்கா எழுந்துகொண்டிருந்தார், நான் உட்கார்ந்துகொண்டிருந்தேன். அவர் பேசியது முழுக்க எங்கள் இருவர் பேனாவிலும் இறங்கியது.

கூட்டம் முடிந்ததும் அக்கா முறைப்படி அந்த அம்மாளிடம் போய், அவர் சொன்னதைப் படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொண்டு தட்டச்சு செய்தார். செயலக அதிகாரி வந்து அதை எடுத்துவிடச் சொன்னார். அக்கா மறுத்தார். அதிகாரி அவரிடம் மல்லுக்கு நிற்கவில்லை. நேராக என்னிடம் வந்து தோளில் கைபோட்டு, "மைக் இல்லாமல் பேசியது உங்களுக்குக் கேட்டிருக்காது, இல்லையா?" என்றார். அதே மூச்சில், அடுத்த மாநாடு ஐரோப்பாவில், குறிப்பெழுத ஒரு நல்ல ஆள் வேண்டும் என்றார். அதுவரை நான் ஐரோப்பாவில் கால் வைத்ததே இல்லை.

என் நோட்டில் இல்லை என்று சொன்னேன். ஒரு நோட்டில் மட்டும் இருப்பது அச்சுக்குப் போகாது. அவ்வளவுதான், அரை நிமிடம் செத்தது. பிரகடனம் ஒருமனதாக நிறைவேறியதாகப் பதிவானது.

அக்கா என் மேசைக்கு வந்தார். "சாமுவேல், நெஜமாவே உன் நோட்ல இல்லியா?" என்று ஒருமுறைதான் கேட்டார்.

"கேக்கலக்கா. மைக் இல்லேல்லா" என்றேன்.

என் பேனா ஓடியதை அவர் ஓரடி தூரத்திலிருந்து பார்த்தவர். பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் வண்டியில் ஏறிச் சாப்பிடப் போனேன். மீனவனைப் பற்றிய பத்தியை அடித்துவிட்டு வந்தவர்கள் வாழையிலையில் பொரித்த கரிமீனை முள் பிரித்துத் தின்றார்கள். அதிகாரி என் இலையில் இன்னொன்று வைக்கச் சொன்னார். நான் அதையும் தின்றேன். அதன்பின் என் வீட்டில் கரிமீன் வாங்கியதே இல்லை. அவர்கள் மேல் வந்த அருவருப்பில் பாதிக்கு மேல் என் மேல் வந்தது.

ஐரோப்பாவுக்குப் போய்வந்து அக்காவுக்கு ஒரு சாக்லேட் பெட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார். "நன்னாயிருக்கு. அங்க எல்லாரும் பேசினாளா?" என்று கேட்டார். பேசினார்கள் என்றேன். "நீ எல்லாத்தையும் எழுதினயா?" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

போன ஓணத்துக்கு முன்னால் அக்கா கரமனைக்கு என் வீட்டுக்கு வந்தார். மூச்சு வாங்கியது, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு விஷயத்தைச் சொன்னார். அந்தத் தீவில் மீனவர் வழக்கு ஒன்று பெரிதாகி, பழைய பிரகடனத்தைத் தோண்டி எடுத்திருக்கிறார்கள். ஒருமனதாக என்று பதிவு இருப்பதால், அந்த அம்மாள் பெரிய நாட்டுக்கு விலைபோய்ச் சம்மதித்தார் என்று அவர் நாட்டு நாடாளுமன்றக் குழுவே விசாரிக்கிறது. பதவி போய்விடலாம். அவர் அக்காவின் முகவரியைத் தேடிப் பிடித்து எழுதியிருக்கிறார். அக்கா தன் நோட்டிலிருந்து எடுத்து அனுப்பியதற்கு, இரண்டாவது குறிப்பு இல்லாமல் ஏற்க முடியாது என்று அமைப்பு பதில் போட்டுவிட்டது.

"உன் பழைய நோட்டைச் சித்த பாரேன்" என்றார்.

"பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சுக்கா" என்றேன். சொல்லும்போது அந்த நோட்டு அடுத்த அறையில், கட்டிலுக்கடியில், டிரங்குப் பெட்டியில் இருந்தது. இத்தனை வயதுக்குப் பிறகு, பொய் சொன்னவன் என்று பெயர் வாங்க எனக்கு மனமில்லை. என் மானம் காப்பாற்றப்பட வேண்டியிருந்தது, கடலுக்கு அப்பால் ஒருத்தியின் மானம் எக்கேடு கெட்டால் என்ன.

அக்கா தட்டச்சு செய்த அந்தப் பக்கத்தை மேசைமேல் வைத்தார். கீழே அவர் கையெழுத்து. பக்கத்தில் என் கையெழுத்துக்கு இடம். "கெடைச்சா ஒத்துப் பாத்து வை. அவசரமில்லை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இரங்கல் கூட்டத்தில் உங்களில் பலர் இருந்தீர்கள். வந்த பிரமுகர் ஒன்றேகால் மணிநேரம் தாமதம். அக்காவின் முழுப்பெயரான ராஜலக்ஷ்மியை ராஜேஸ்வரி என்றார். யாரோ திருத்தியதும் சிரித்துக்கொண்டார். நாடுகள் கூடிப் பேசுவதன் மேன்மையைப் பற்றி முழங்கி, நம் ஊரிலேயே ஒரு பிரகடனம் ஒருமனதாக நிறைவேறியதே, அதில் அம்மையாரின் பங்கு உண்டே என்றார். கைதட்டினீர்கள். இரங்கல் தீர்மானம் ஒருமனதாக ஏற்கப்பட்டதாக அறிவித்தார்கள், யாரையும் கேட்கவில்லை. துக்கத்தில்கூட இவர்களுக்கு அந்த வார்த்தை வேண்டியிருக்கிறது. நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வெளியே வந்தேன்.

வாசலில் அக்காவின் அண்ணன் மகள் வித்யா நின்றிருந்தாள். "மாமா, அந்த மேடத்தோட மெயில் நேத்தும் வந்துது. அடுத்த மாசம் விசாரணையாம்" என்றாள். பிறகு, "அத்தை ஆஸ்பத்திரியிலயும் கேட்டிண்டே இருந்தா, சாமுவேலுக்கு நோட்டு கெடைச்சுதான்னு. பழைய பேப்பருக்குப் போயாச்சுன்னு அவர் சொன்னாரேன்னு நான் சொன்னா, அவன் நோட்டைத் தூரக் களையற ஆளில்லை, இருக்கும், தருவான்னா" என்றாள்.

அக்காவுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் என் எதிரில் உட்கார்ந்து அவசரமில்லை என்றிருக்கிறார். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்தேன். நோட்டு அப்படியே இருந்தது. அக்காவின் தாளோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன், ஒரு வார்த்தை மாறவில்லை. நாளை இரண்டின் நகலும் அந்தத் தீவுக்கும், அந்தப் புண்ணிய அமைப்புக்கும், வித்யாவுக்கும் போகின்றன. அக்காவின் நினைவாக என்னிடம் மிஞ்சுவது அவர் கையெழுத்துப் போட்ட அந்த ஒரு தாள். அதில் இருப்பதைத் தமிழில் கீழே தருகிறேன். அச்சில் வரவேண்டியது, பன்னிரண்டு ஆண்டு தாமதமாக வருகிறது.

தலைவர்: ஆட்சேபம் எதுவும் இல்லை. பிரகடனம் ஒருமனதாக...

தீவு நாட்டு உறுப்பினர்: எனக்கு ஆட்சேபம் இருக்கிறது. ஏழாவது பத்தி எங்கே?

தலைவர்: அம்மையாரின் மைக் அணைந்திருக்கிறது.

தீவு நாட்டு உறுப்பினர்: என் குரல் கேட்கிறது, எல்லோரும் திரும்பிப் பார்க்கிறீர்களே. நேற்று மாலை வரை அந்தப் பத்தி இருந்தது. அதற்காகத்தான் என் மக்கள் என்னை இங்கே அனுப்பினார்கள். அது இல்லாத தாளுக்கு என் நாட்டின் சம்மதம் இல்லை. எழுதுகிறவர்கள் தயவுசெய்து இதை எழுதிக்கொள்ளுங்கள்.

தலைவர்: ஒருமனதாக ஏற்கப்பட்டது.

(கைதட்டல்)

ஒத்துப் பார்த்தேன். என் குறிப்பிலும் இப்படியே இருக்கிறது.

சாமுவேல்,
கரமனை.