நாற்பத்தெட்டாவது புட்டி

மார்ச் 4 – 48
மார்ச் 11 – 48
மார்ச் 18 – 47
மார்ச் 25 – 49
மொத்தம் – 192

கடல் ஆராய்ச்சி நிலையக் கிடங்கில் நான் எழுதிவைத்த கணக்கு இது. படகில் வரும் கடல்நீர்ப் புட்டிகளை எண்ணி ஆய்வகத்துக்கு அனுப்புவது என் வேலை. அவற்றில் உப்பின் அளவு பார்த்தவரை எல்லோரும் ‘உப்பு மேடம்’ என்போம். முனைவர் பட்டம் வாங்கி ஒன்பது ஆண்டுகள் ஆகியும், ஆண்டுதோறும் புதுப்பிக்கும் ஒப்பந்தத்திலேயே இருந்தார். நாற்பதாவது வயதில்தான் நிரந்தரப் பணிக்கு முதல் நேர்காணல் வந்தது. தேதி, ஏப்ரல் 20.

மார்ச் மாதத்துக்கு அவர் கொடுத்த அறிக்கையில் நான்கு வாரமும் 48. பதினெட்டாம் தேதி வராத புட்டிக்கு அளவு எங்கிருந்து கிடைத்தது? இருபத்தைந்தில் கூடுதலாக வந்தது எங்கே போயிற்று? மொத்தம் பிசகாமல் பொருந்தியது என் சந்தேகத்தைக் கூட்டியது. இருபதாம் தேதி, விடுப்பில் இருந்தவர் துறைமுகத்திலிருந்து எதையோ துண்டில் சுற்றிக்கொண்டு போனதையும் பேருந்திலிருந்து பார்த்திருந்தேன்.

பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். “பதினெட்டாம் தேதி எத்தனை பாட்டில் பார்த்தீங்க மேடம்?”

“நாப்பத்தெட்டு சார். ஏன், கனவுலயும் பாட்டில்தான் எண்ணுறீங்களா?”

தடுமாறாமல் சொன்னார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

வீட்டில் மனைவி, “உங்க கணக்குல ஒண்ணு குறையுதுன்னு அவங்ககிட்டயே சொல்லிட்டா வாயில இருக்கிற முத்து உதிர்ந்துடுமா?” என்றாள்.

“சொன்னா திருத்திடுவாங்க.”

“அப்போ ஏற்கெனவே தீர்ப்பு எழுதிட்டீங்க.”

ஏப்ரல் 2 அன்று இயக்குநருக்குப் புகார்க் கடிதம் எழுதினேன். நேர்காணலில் மேடத்திடம் அதை வைத்தே கேட்டார்களாம். கையில் ஆதாரம் இல்லாமல் அவர் சொன்ன விளக்கம் எடுபடவில்லை. வேலை வேறொருவருக்குப் போனது.

மே 6 அன்று படகோட்டி கிடங்குக்கு வந்தார். “உப்பு மேடம் வேலையை விட்டுப் போயிட்டாங்களாமே அண்ணே? பாவம், ஒரு பாட்டில் எஞ்சின் பக்கம் உருண்டு கிடக்குதுன்னு போன் பண்ணேன். லீவுன்னும் பார்க்காம ஓடிவந்து துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனாங்க. அப்புறம் அடுத்த வாரப் பெட்டியோட சேர்த்து வைக்கச் சொல்லிக் கொடுத்தாங்க.”

ஆய்வு முடிந்து திரும்பியிருந்த இருபத்தைந்தாம் தேதிப் பெட்டியை அலமாரியிலிருந்து இறக்கினேன். நாற்பத்தொன்பது புட்டிகள். ஒன்றின் லேபிளில் மட்டும் மேடத்தின் கையெழுத்தில் ‘மார்ச் 18’. நீர் எடுத்த நாளை வைத்து அவர் எழுதியிருந்தார். கிடங்குக்கு வந்த நாளை வைத்து நான். எண்ணினேனே தவிர, லேபிளைப் படிக்கவில்லை.

அன்றே இயக்குநருக்குத் திருத்தக் கடிதம் கொடுத்தேன். “நியமன ஆணை போயிடுச்சே” என்றார்.

உப்பு மேடம் வேறு ஊரில், மறுபடியும் ஒப்பந்தத்தில், ஓர் ஆய்வுக் கப்பலில் சேர்ந்திருந்தார். புகார் எழுதியது நான்தான் என்று ஒப்புக்கொண்டு மூன்று கடிதம் போட்டேன். மூன்றுக்கும் சேர்த்து ஒரே பதில்: “பதிவேட்டில் வந்த நாளுக்குப் பக்கத்தில், எடுத்த நாளுக்கும் ஒரு கட்டம் போடுங்கள் சார். இனி எழுத வேண்டாம்.”

கட்டம் போட்டுவிட்டேன்.

அவர் அந்தப் பதிலை எழுதிய நாள், ஜூலை 30. வந்த நாள், ஆகஸ்ட் 8.