சூளைக்குள் காய்ந்த துணிகள்

மழை நான்கு நாள் விடாமல் பிடித்துக்கொண்டால், துணி காயவில்லையே என்று என் மருமகள் அலுத்துக்கொள்வாள். எனக்கோ அந்தப் புளித்த ஈர வாடை மூக்கில் ஏறியதும் மனசு ஈப்போவின் சிலிபின் பகுதியில் இருந்த கித்தார் பட்டறைக்குப் போய்விடும். அங்கே எங்களை மேய்த்த மேஸ்திரி, நாங்கள் மண்டோர் என்று கூப்பிட்டவர், வந்து முன்னால் நிற்பார்.

எழுபதுகளின் கடைசியில் அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். மண்டோர் சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது ஈப்போவுக்கு வந்து தச்சு வேலை பழகியவர். ஒரு பலகையை இரண்டு விரலால் பிடித்துத் தட்டிக் காதருகே வைப்பார். ஆகாது என்றால் ஆகாதுதான், யாரும் மறுபேச்சு பேசமாட்டோம். ஆஸ்திரேலியாவில் மழையே காணாத ஓர் உள்நாட்டு ஊர்க் கடைக்காரர் நாற்பது கித்தார் கேட்டு எழுதியபோது, பட்டறையின் சீன முதலாளியான தவுக்கேயிடம் மன்றாடி ஓர் அறையைக் கட்டவைத்தவரும் அவர்தான். சன்னல் இல்லாத சின்ன அறை. பகலெல்லாம் குண்டு விளக்குகள் எரியும். நாங்கள் அதைச் சூளை என்போம். “இங்க தண்ணி குடிச்ச மரத்த ஒட்டி அனுப்புனா, அங்க காஞ்சு சுருங்கி வெடிச்சிரும்லா” என்று எங்களுக்கு விளக்கினார்.

கதவைத் திறந்தாலே வெளி ஈரம் புகுந்துவிடும். அதனால் உள்ளே போய்வரும் வேலை ஒருத்திக்கு மட்டும்; அந்த ஒருத்தி நான். சுவரில் காற்றின் ஈரத்தைக் காட்டும் வட்டக் கருவி இருந்தது. அதன் முள் நிற்கும் எண்ணை ஒரு நாளைக்கு மூன்று முறை நோட்டில் எழுதவேண்டும். நாற்பத்தைந்தைத் தாண்டினால் அன்றைக்குப் பலகை ஒட்டக்கூடாது. நோட்டைப் பார்த்துவிட்டுத்தான் மண்டோர் பலகையை வெளியே கேட்பார், உடனே ஒட்டுவார்.

அந்த வருஷக் கடைசி மழையில் புந்தோங்கில் எங்கள் வாடகை அறையின் சுவரே வியர்த்தது. என் புருஷன் லாரியோடு போனால் வாரக்கணக்கில் வரமாட்டார். கைக்குழந்தைக்கு ஈரத்துணி கட்டிக் கட்டித் தொடையெல்லாம் வெந்து, தொட்டாலே வீறிட்டு அழுதாள். பக்கத்து வீட்டு அக்காவிடம் அவளை விட்டுவிட்டு நான் போய் நின்றதோ ஈப்போவிலேயே காய்ந்த அறையில்! மூன்றாம் நாள், அலசிப் பிழிந்த துணிகளைக் கூடையில் போட்டு மேலே செய்தித்தாளை மூடிக் கொண்டுபோனேன். பலகை அடுக்குகளுக்கு நடுவே கயிறு கட்டினேன். பதினோரு துண்டுத் துணியில் எவ்வளவு தண்ணீர் இருந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். மத்தியானம் முள் அறுபதில் நின்றது. நாற்பத்தைந்து என்று எழுதினேன். கை கூசவில்லை. இரண்டு வாரம் அப்படியே எழுதினேன். குழந்தைக்குப் புண் ஆறிவிட்டது.

சில மாதம் கழித்து ஆஸ்திரேலியக் கடைக்காரரின் கடிதம் வந்தது, உள்ளே புகைப்படங்களோடு. முகப்புப் பலகைகள் ரேகை ஓடிய வாக்கில் பிளந்து கிடந்தன. ஒன்றிரண்டல்ல, முக்கால்வாசி. தவுக்கே நோட்டை மேசைமேல் வீசி, இதில் எழுதியிருப்பது பொய் என்று மலாயில் கத்தினார். மண்டோர் நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். “அந்தப் பொண்ணு சரியாத்தான் எழுதியிருக்கு தவுக்கே. மரம் பாத்து எடுத்தது நான். தப்பு என்னோடது” என்றார், அவரும் மலாயில். அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வேலை போனால் பாலுக்கு என்ன செய்வேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையும்தான். ஆனால் வயிறு நிறைந்த பிறகும் சொல்லவில்லையே.

ஏழெட்டு வருஷம் கழித்துப் புந்தோங் மார்க்கெட்டில் அவரைப் பார்த்தேன். காக்கிச் சட்டை போட்டிருந்தார். ஒரு கிடங்கில் ஜாகா வேலை, வாசலில் உட்கார்ந்து காவல் பார்ப்பதாம். நல்லா இருக்கியா தங்கச்சி என்று முகம் மலர விசாரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“அதுக்கப்புறம் நான் மரத்தத் தொடலம்மா. தட்டிப் பாப்பேன், ஆனா கேக்குறது சரிதானான்னு சந்தேகம் வந்துருது. நீதான எழுதுன. அந்த மாசம் முள்ளு கொஞ்சமாச்சும் ஏறுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுலா.”

“இல்லண்ணே. நாப்பத்தஞ்சுலயேதான் இருந்துச்சு.”

“அப்போ என் காதுதான்” என்றார். கோபமில்லை. தலையை ஆட்டிக்கொண்டே மீன் கடைகளைத் தாண்டிப் போனார்.

நான் கூப்பிடவில்லை. அன்றைக்கு என் வேலைக்கு எந்த ஆபத்தும் இல்லை. பட்டறையை விட்டே நான் விலகியிருந்தேன். ஆமாண்ணே, ஏறுச்சு என்று சொல்லியிருந்தால் அந்த மனுஷன் மறுநாளே உளியைத் தேடி எடுத்திருப்பார். அது தெரிந்தேதான் இல்லை என்றேன்.